பதினோரு ஆட்டம் ஜெயித்தவன்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் நாக்கில் புளியமரம் முளைக்கட்டும். ஏலகிரி மலையில் நடந்தது. அத்தனையும் சத்தியம்.

புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுக்கும் பிள்ளைகளுக்கும், அவர்களோடு பிறந்தவர்களுக்கும் அங்கே கோடை முகாம். நடத்துபவர் நர்ஸ் அற்புதமேரி. அவரிடம் தொண்டு பழக வந்தார் சங்கரலிங்கம். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். சிஸ்டரைவிடப் பதினைந்து வயது மூப்பு. ஆனாலும், "நான் உங்க மாணாக்கன்" என்று முதல் நாளே கும்பிட்டுவிட்டார்.

கும்பிட்ட கையோடு, சிஸ்டரைக் கேளாமல் ஒரு காரியமும் செய்தார். உடன்பிறந்த பிள்ளைகளைத் தனியே கூப்பிட்டு, "நோயாளிப் பிள்ளைங்ககிட்ட எந்த ஆட்டத்திலயும் தோத்துப் போயிடுங்க" என்று காதில் ஓதினார்.

நான்காம் நாள் காலை முகில் இட்லித் தட்டைத் தள்ளிவைத்தான். ஒன்பது வயது. மருந்தில் கொட்டிய முடி இப்போதுதான் அரும்புகிறது.

"சாப்பிடுப்பா."

"சார், நான் எப்ப சாவேன்?"

சங்கரலிங்கம் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். "என்னடா பேச்சு இது?"

"வீட்ல அக்கா ஒரு ஆட்டம்கூட விட்டுத் தரமாட்டா. இங்க கேரம்ல பதினோரு ஆட்டமும் நானே ஜெயிச்சுட்டேன். டாக்டர் ஏதோ சொல்லிட்டாரு. அதான்."

ஓட்டமும் நடையுமாகச் சிஸ்டரிடம் போய் எல்லாவற்றையும் ஒப்பித்தார் சங்கரலிங்கம். "அவன் ரிப்போர்ட் நல்லாத்தானே வந்திருக்கு?"

"நல்லா வந்திருக்கு சார். நேத்தே அவன்கிட்ட சொன்னேன்."

"நம்பலையே சிஸ்டர்! என்ன சொல்லி அவனைத் தேத்தறது?"

சிஸ்டர் முகிலையும் அவன் அக்கா கயலையும் கேரம் போர்டு முன் உட்காரவைத்தார்.

"கயல், வீட்ல ஆடற மாதிரி ஆடு."

கயல் தலைமை ஆசிரியரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

அடித்தாள் பாருங்கள் ஓர் அடி! சிவப்பும் நாலு காயும் ஒன்றாகக் குழிக்குள் போயின. அந்த அதிர்வில் வெளியே பலாப்பழம் ஒன்று அறுந்து விழுந்தது. ஆட்டம் முடிந்தபோது முகிலுக்கு ஒரு காய்கூடத் தேறவில்லை.

"கள்ளாட்டம்! கோட்டைத் தாண்டி அடிச்சா சிஸ்டர்!"

"போடா தோத்தாங்குளி!"

போர்டுப் பவுடரை அள்ளி அவள் முகத்தில் வீசினான். அவள் அவன் காதைத் திருகினாள். வாய்விட்டு அழுதான். விலக்கிவிடப் பாய்ந்த சங்கரலிங்கத்தின் சட்டையைச் சிஸ்டர் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார்.

முகில் மூக்கைத் துடைத்தான். "சிஸ்டர், இவளை நான் எப்பதான் ஜெயிப்பேன்?"

"நீ ஆடற லட்சணத்துக்கா? இன்னும் அஞ்சாறு வருஷமாவது ஆகும்."

"அஞ்சாறு வருஷமா!"

அவன் போய் இட்லித் தட்டை எடுத்துவந்து மறுபடி போர்டு முன் உட்கார்ந்தான். "காயை அடுக்குடி."

சங்கரலிங்கம் சட்டையை மெல்ல விடுவித்துக்கொண்டு, அவனுக்குச் சாம்பார் கொண்டுவரப் போனார்.

கதையை எங்கே வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னவன் பேரை மட்டும் விட்டுவிடுங்கள். தலைமை ஆசிரியர் பிரம்பை இன்னும் தூக்கிப் போடவில்லை.