வால்மீன் தூசியை அளந்த நால்வர்

மங்கலக்குண்டு விண்வெளி நிலையத்தில் நாலு பேர் வேலை பார்த்தார்கள். நாலு பேரும் சொன்ன சொல் தட்டாதவர்கள். சங்கடமே அங்கேதான் ஆரம்பித்தது.

மூத்தவர் தீத்தாரப்பன். நாலு வருஷத்துக்கு முன் வானத்துக்குப் போன விண்கலத்தில் ஒரு சின்னத் தட்டு இருந்தது. வால்மீனைச் சுற்றிப் பறக்கும் தூசி அதில் மோதமோத, இங்கே திரையில் எண் கூடும். தட்டுக்குப் பொறுப்பு தீத்தாரப்பன். கலம் கிளம்பிய அன்று இயக்குநர் வனமாலினி அம்மா, "தட்டுல ஒரு தூசி படக்கூடாது, பாத்துக்கங்க" என்று சொல்லியிருந்தார். அன்றிலிருந்து மனிதருக்குச் சரியான தூக்கமில்லை.

கலம் வால்மீனை நெருங்கிய நாளும் வந்தது. தூசிக்குள் இருக்கப்போவது நாற்பதே நிமிஷம். காலை பத்தரைக்குத் திரையில் 'ஒன்று' விழுந்தது.

"ஐயையோ, தூசி பட்டிருச்சு!"

தீத்தாரப்பன் அலறியடித்துக்கொண்டு தட்டை மூடச் சொல்லிக் கட்டளை அனுப்பினார். தட்டு மூடிக்கொண்டது. எண்ணும் அப்படியே நின்றுவிட்டது. நாலு பேரும் நாற்காலியை இழுத்துப் போட்டு யோசித்தார்கள்.

"இம்புட்டுப் பெரிய வால்மீனுக்கு ஒரே ஒரு தூசிதானா?" என்றார் ஒச்சப்பன்.

"துடைப்பம் கணக்கா வாலை வச்சிருக்கு. தானே பெருக்கிக்கும்ல?" என்றார் மகுடபதி.

லூர்துசாமி தலையாட்டி அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

வனமாலினி அம்மா ஓடிவந்தார். "மூடியைத் திறங்கய்யா! தூசியைப் பிடிக்கத்தானே அதை அனுப்பினோம்!"

"நீங்கதானம்மா படக்கூடாதுன்னீங்க."

"நான் சொன்னது பூமித் தூசியை!"

"அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்" என்று முணுமுணுத்தபடி தீத்தாரப்பன் மூடியைத் திறந்தார். எண் தடதடவென்று ஏறியது. நாற்பது நிமிஷம் முடிந்தபோது நாற்பத்தோராயிரத்து இருநூற்று ஆறு. அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நாலு வருஷப் பாடு வீண் போகலை. மேலிடத்து ஆளுங்களைக் கூட்டிட்டு வர்றேன். இனி ஆகவேண்டியதை முறைப்படி பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"முறைன்னா எது?" என்றார் ஒச்சப்பன்.

தீத்தாரப்பன் நேர்மையான மனுஷன். "அடுத்தவங்க பொருளைக் கேக்காம எடுத்துட்டோம். எண்ணிப் பாத்தாச்சு. திருப்பிக் கொடுக்கறதுதான் முறை."

மூன்று பேருக்கும் உடம்பு சிலிர்த்தது. 'தலைகீழாகக் கவிழ்ந்து உதறு' என்று கட்டளை பறந்தது. கலமும் சொன்ன சொல் தட்டாத ஜாதி, கவிழ்ந்து உதறியது. உதிர்ந்ததைக் கருவி எண்ணிச் சொன்னது: நாற்பத்தோராயிரத்து இருநூற்று ஐந்து.

ஒன்று குறைகிறது!

மேசைக்கு அடியில் தேடினார்கள், சட்டைப்பைகளை உதறினார்கள். டிபன் பாக்ஸைக்கூட விடவில்லை. அப்போதுதான் லூர்துசாமி இடது கண்ணைக் கசக்கிக்கொண்டே சொன்னார்:

"அண்ணே, எனக்குக் கண்ணுல என்னவோ உறுத்துது."

மேலிடத்து ஆட்களோடு வனமாலினி அம்மா திரும்பியபோது அறையில் ஒருவரும் இல்லை. மொட்டை மாடியில் லூர்துசாமியின் தலையை ஒச்சப்பன் அமுக்கிப் பிடித்திருக்க, மகுடபதி அவர் இமையை விரித்திருந்தார். தீத்தாரப்பன் மூச்சை நன்றாக இழுத்து நிறுத்தி, வானத்தை இப்படியும் அப்படியும் பார்த்தார்.

"நல்லவேளை வந்தீங்கம்மா" என்றார். "வால்மீன் இப்ப எந்தத் திசையில இருக்கு? சரியாச் சொல்லுங்க, ஊதணும்."