பூணுக்கு மேலே முப்பத்துமூன்று

வேங்கை நாட்டில் அரிசி விலை ஏறினால்கூட யாரும் வாய் திறக்கமாட்டார்கள். வளைதடிப் பந்து என்று சொல்லிவிட்டால் போதும், ஊரே கூடிக் கத்தும். நாம் இப்போது ஹாக்கி என்கிறோமே, ஏறக்குறைய அதே ஆட்டம்தான்.

அந்த நாட்டு ராஜா சேந்தவர்மனுக்கு ஒரு நாள் பெரிய தலைவலி வந்தது. காரி என்று ஓர் ஆட்டக்காரன். வயது இருபது. இரண்டு வருஷமாக அரண்மனை அணியில் ஆடுகிறான். அன்றோடு அவன் ஒப்பந்தம் முடிகிறது. பக்கத்து நாட்டுத் தூதன் ஒரு குதிரையோடு கோட்டை வாசலில் வந்து நிற்கிறான். மத்தியானத்துக்குள் இங்கே முடிவு தெரியாவிட்டால் காரியை ஏற்றிக்கொண்டு போய்விடுவான்.

அமைச்சர் எழுந்தார். "அந்தப் பொடியனுக்கு ஒரு வருஷமே அதிகம், மகாராஜா. உங்கள் அப்பா காலத்தில் பெரியாண்டான் ஆடினாரே, அது ஆட்டம்! தொண்ணூற்று நான்கு கோல்! இவன் அவர் கால் தூசி பெறுவானா?"

தளபதிக்கு மீசை துடித்தது. "அப்போது எதிரே ஆடினவன் எல்லாம் தொப்பை வைத்த பண்ணையார். காரி இருநூறு போடுவான். எட்டு வருஷம் எழுதிக் கொடுங்கள்!"

"போடுவானா, போட்டானா?"

"போடாமல் எங்கே போகப்போகிறான்?"

அவை இரண்டாகப் பிளந்தது. காரி ஓர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தான். மோர் கொண்டுவந்த சமையல்காரர்கூடப் பானையைக் கீழே வைத்துவிட்டுச் சண்டையில் இறங்கிவிட்டார்.

சிற்றம்பலம் மட்டும் தூணோடு தூணாக ஒட்டி உட்கார்ந்திருந்தார். வாய்ச் சாமர்த்தியத்துக்காகவே அவையில் இடம் பெற்றவர். அன்றைக்கு அந்த வாயைத் திறக்க அவருக்கு மனமில்லை. பெரியாண்டான் உயர்த்தி என்றால் தளபதி சும்மா விடமாட்டார். காரி உயர்த்தி என்றால் ராஜாவின் அப்பா காலத்தையே மட்டம் தட்டியதாகிவிடும்.

ராஜாவின் கண் நேராக அந்தத் தூணுக்குத்தான் வந்தது.

"சிற்றம்பலம்! இரண்டு பேரில் யார் பெரியவன்? காரிக்கு எத்தனை வருஷம்? மத்தியானச் சங்கு ஊதுவதற்குள் சொல். நீ சொல்வதை அமைச்சரும் தளபதியும் ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் நாளை முதல் உனக்கு அவையில் இடமில்லை. ஆடுகளத்தில் போய்ப் பந்து பொறுக்கு."

அறுபது வயதில் குனிந்து பந்து பொறுக்குவதை நினைத்ததுமே சிற்றம்பலத்துக்கு இடுப்பு வலித்தது.

"இரண்டு பேருடைய கம்பத்தையும் கொண்டுவரச் சொல்லுங்கள், மகாராஜா."

அந்த நாட்டு வழக்கம் அது. ஒவ்வோர் ஆட்டக்காரனுக்கும் ஒரு வேப்பங்கம்பம் உண்டு. கோலுக்கு ஒரு வெட்டு, கீழிருந்து மேலாக. வருஷம் முடிந்தால் கம்பத்தைச் சுற்றி ஒரு செப்புப் பூண். ஆட்டத்தை விட்டு விலகும் நாளில் பித்தளைப் பூண். அதோடு கணக்கு முடிந்தது.

அரண்மனைத் தச்சன் உத்தண்டன் இரண்டு கம்பங்களையும் சுமந்துவந்து நட்டான். பெரியாண்டான் கம்பத்தில் எண்ணெய் மினுக்கு, மேல்பாதி முழுக்க மாலை. காரியின் கம்பத்தில் பட்டுத்துணி சுற்றியிருந்தது.

சிற்றம்பலம் மாலைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். உள்ளே பித்தளைப் பூண் பளிச்சிட்டது.

"அமைச்சரே, இதை அடித்து எத்தனை வருஷம்?"

"முப்பத்துமூன்று. நான் பக்கத்திலேயே நின்றேன்."

"பூணுக்குக் கீழே எண்ணுங்கள்."

அமைச்சர் விரல் வைத்து எண்ணினார். "அறுபத்தொன்று."

"மேலே?"

இந்த முறை எண்ணிக்கை வாய்க்குள்ளேயே ஓடியது. "முப்பத்துமூன்று. அது வந்து… திருவிழாவுக்குத் திருவிழா உத்தண்டனை விட்டுப் பழைய வெட்டுகளைப் புதுப்பிக்கிறோம். பக்தியில் ஒன்று கூடிப்போயிருக்கும்."

"இப்போது பெரியாண்டான் என்ன செய்கிறார்?"

"வீட்டில் வெற்றிலைக் கொடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்."

"ஊற்றிக்கொண்டே வருஷத்துக்கு ஒரு கோல் போடுகிறார். கெட்டிக்காரர்தான்!"

எல்லாரையும்விடத் தளபதிதான் உரக்கச் சிரித்தார்.

"சிரித்து முடித்ததும் அந்தப் பட்டுத்துணியைக் கொஞ்சம் அவிழுங்கள், தளபதியாரே."

சிரிப்பு நின்றது. பட்டுக்குள் அடியிலிருந்து நுனிவரை வெட்டு மேல் வெட்டு. சிற்றம்பலம் பொறுமையாக எண்ணினார். இருநூற்றுப் பதினேழு.

"காரி, இப்படி வாப்பா. நீ போட்டது எத்தனை?"

"பதினேழுங்க ஐயா."

"மீதி?"

"எனக்குத் தெரியாதுங்க. அந்த ஆட்டமெல்லாம் நான் இன்னும் ஆடலையே."

தளபதி தொண்டையைச் செருமினார். "வரப்போகிற எட்டு வருஷத்துக்கு அது. மொத்தமாக வெட்டினால் கூலி குறையும் என்றான் இந்த உத்தண்டன்."

சிற்றம்பலம் இரண்டு கம்பத்துக்கும் நடுவில் நின்றார். "இவர் விலகின பிறகு போட்டதையும், இவன் ஆடுவதற்கு முன்னால் போட்டதையும் தள்ளிவிடுவோம். பெரியாண்டானின் முதல் இரண்டு பூணுக்குள் பதினைந்து வெட்டு. காரிக்குப் பதினேழு. அமைச்சரே, அந்த இரண்டாம் வருஷ முடிவில் பெரிய மகாராஜா பெரியாண்டானுக்கு எத்தனை வருஷம் எழுதிக் கொடுத்தார்?"

"மூன்று."

"அப்படியானால் காரிக்கும் மூன்று. முடிந்ததும் மறுபடி எண்ணுவோம்."

பெரிய மகாராஜா செய்தது தப்பு என்று அமைச்சர் சொல்ல முடியுமா? பட்டுத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு தளபதிதான் பேச முடியுமா? இரண்டு தலையும் ஆடின. காரி கையெழுத்துப் போட்டான். வாசலில் நின்ற குதிரை வந்த வழியே திரும்பிப் போனது.

"அதெல்லாம் சரி," என்றார் ராஜா. "யார் பெரியவன்? அது இன்னும் வரவில்லையே. சங்கு ஊதுகிறவன் அதை வாயில் வைத்துவிட்டான் பார்."

"இரண்டு காலத்தையும் சேர்த்து அதிகம் கோல் போட்டவர் யாரோ அவரே பெரியவர். இவர்களுக்குச் சம்மதமா?"

"சம்மதம்," என்றார் அமைச்சர். "சம்மதம்," என்றார் தளபதி.

"தச்சன் உத்தண்டன்தான், மகாராஜா. அந்தக் காலத்துக்கு முப்பத்துமூன்று, இந்தக் காலத்துக்கு இருநூறு. ஒரு நாள்கூடக் களத்தில் கால் வைத்ததில்லை. தளபதி கேட்ட எட்டு வருஷத்தை இவனுக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். அந்தத் தூதன் திரும்பி வந்து கொத்திக்கொண்டு போய்விடப்போகிறான்!"

ராஜா சிரித்த சிரிப்பில் மத்தியானச் சங்கு ஊதியது யாருக்கும் கேட்கவில்லை.