சங்கு ஊதினால் ஊளையிடும் மிளகு

முன்னொரு காலத்தில் ஒரு தேசத்து ராஜாவுக்கு நாய்க்குட்டி வளர்க்க ஆசை வந்தது. கறுப்பாக, உருண்டையாக ஒன்று வந்து சேர்ந்தது. மிளகு என்று பெயர் வைத்தார். அதனிடம் ஒரே ஒரு குறை. ராஜா சபைக்கு வரும்போது சங்கு ஊதினால் போதும், கழுத்தை நீட்டிக்கொண்டு கூடவே ஊளையிடும். புலவர்கள் வாயைப் பொத்திக்கொள்வார்கள். ராஜாவுக்கு முகம் சிவக்கும்.

பௌர்ணமியன்று பக்கத்து தேசத்து ராஜா விருந்துக்கு வருவதாக இருந்தது. "அதற்குள் இதை யார் பழக்குவது?" என்று ராஜா கேட்டார்.

பண்டகசாலை அதிகாரி திருவேங்கடம் எழுந்தார். சபை விகடகவி சடையப்பனைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

"மன்னர் பெருமானே, சடையப்பரை விட்டால் யார் இருக்கிறார்கள்? ஒரு விண்ணப்பம் மட்டும். அடித்துப் பழக்கினால் பாவம். தின்னக் கொடுத்துப் பழக்கினால் லஞ்சம். இரண்டும் இல்லாமல் பழக்கட்டும்."

ராஜாவுக்கு இது பிடித்துப்போயிற்று. "அப்படியே ஆகட்டும். முடியாவிட்டால், சடையப்பா, வீட்டைக் காலி செய்துகொண்டு ஊரை விட்டே போய்விட வேண்டும்."

"நான் அடிக்கக் கூடாது, நான் தின்னக் கொடுக்கக் கூடாது. அவ்வளவுதானே, மன்னா?"

"அவ்வளவுதான். வேளைச் சோற்றை அரண்மனை ஆள் கொண்டுவந்து வைப்பான்."

குட்டியோடு வீட்டுக்கு வந்தவனைப் பார்த்து மனைவி செங்கமலம், "சட்டி பானையை இப்போதே கட்டிவிடட்டுமா?" என்றாள்.

"கொஞ்சம் பொறு. கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தலைப்பாகை தெரிகிறது, பார்."

திருவேங்கடத்தின் தலைப்பாகைதான். சடையப்பன் குரலை உயர்த்தினான். "ரகசியம் ஒன்று சொல்கிறேன், வெளியே விட்டுவிடாதே. ராஜா என்னைத் தனியாகக் கூப்பிட்டு மாற்றிச் சொல்லிவிட்டார். வரப்போகிற ராஜாவுக்கு நாய் ஊளை என்றால் உயிராம். அன்றைக்கு மிளகு வாயைத் திறக்காமல் இருந்தால் நான் தொலைந்தேன்."

சங்கை எடுத்து ஊதினான். மிளகு ஊளையிட்டது. "பேஷ், பேஷ்" என்று சொல்லிவிட்டு, துவைக்கிற கல்லில் சங்கை வைத்துவிட்டு ஆற்றுக்குக் குளிக்கப் போய்விட்டான்.

மறுநாளிலிருந்து அவன் குளிக்கப் போகும் நேரம் பார்த்து ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுவரேறிக் குதித்தார். இடுப்பில் இலைப் பொட்டலம், அதில் வறுத்த கறி. கறியை மிளகின் மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு, கன்னம் உப்பச் சங்கை ஊதுவார். நாக்கில் எச்சில் ஊறும்போது யாருக்கு ஊளையிடத் தோன்றும்? சும்மா உட்கார்ந்தால் ஒரு துண்டு. சமையலறை ஜன்னல் வழியே செங்கமலம் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தாள்.

பௌர்ணமியும் வந்தது. இரண்டு ராஜாக்களும் சபைக்கு வர, சங்கு முழங்கியது. மிளகு ஊளையிடவில்லை. நேரே ஓடிப்போய்த் திருவேங்கடத்தின் முன்னால் உட்கார்ந்து, அவர் இடுப்பையே பார்த்தது.

"இது ஏன் உம்மைப் பார்க்கிறது?" என்றார் ராஜா.

"மன்னா, அதை விடுங்கள். ஊளையிட வைக்கச் சொன்னீர்களே, சடையப்பர் செய்யவில்லை, பாருங்கள்."

"நான் எப்போது சொன்னேன்?"

"அவர் தம் மனைவியிடம் சொன்னதை என் காதாலேயே கேட்டேன்."

"அவன் வீட்டில் பேசியது உம் காதுக்கு எப்படி வந்தது?"

சடையப்பன் கும்பிட்டான். "மன்னா, நான் அடிக்கவில்லை, நான் தின்னக் கொடுக்கவில்லை. அந்தச் சிரமத்தையெல்லாம் இவரே எடுத்துக்கொண்டார். சுவரேறிக் குதித்து முழங்காலைக்கூடச் சிராய்த்துக்கொண்டார், பாவம்."

ராஜா சிரித்த சிரிப்பில் விருந்தாளி ராஜாவும் சேர்ந்துகொண்டார். குடியிருந்த வீடு சடையப்பனுக்கே சொந்தமாயிற்று. மேலே ஒரு முத்துமாலை. மிளகுக்குக் கறி கொடுக்கும் உத்தியோகம் திருவேங்கடத்துக்கு.

பிறகொரு நாள் மிளகு அந்தப்புரத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. சபையில் சங்கு ஊதினார்கள். திருவேங்கடத்தின் கை தானாக இடுப்புப் பொட்டலத்துக்குப் போயிற்று.

"சடையப்பா," என்றார் ராஜா, சிரிப்பை அடக்க முடியாமல், "ஒன்றைத்தானே பழக்கச் சொன்னேன்?"

"இதற்குத் தனியாகச் சன்மானம் ஒன்றும் வேண்டாம், மன்னா," என்றான் சடையப்பன். ராஜா கேட்கவில்லை, விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றி வீசினார்.