நாலடி தூரத்து ஜெபம்

ஒரு வீட்டில் ஒரு ஜெபம் வேலை பார்த்து வந்தது. சாயங்காலம் ஏழு மணிக்கு வீட்டார் பாய் விரித்து முழங்கால் போட்டதும், அவர்கள் சொல்வதை எடுத்துக்கொண்டு பரலோகம் போக வேண்டும். அதுதான் அதன் வேலை.

ஆனால் எட்டு மாதமாக அது பரலோகத்தின் பக்கமே போகவில்லை. பாயின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு, நாலடி தூரம் மட்டும் போய் வந்துகொண்டிருந்தது.

இந்த ஓரத்தில் ஞானசிகாமணி, கோயில் கமிட்டிச் செயலாளர். அந்த ஓரத்தில் அவர் மகள் ஹெப்சிபா, நர்ஸ். நடுவில் அம்மா தங்கபாய். ஹெப்சிபாவின் கல்யாண ஓலையைக் கோயிலில் இரண்டு ஞாயிறு வாசித்தாகிவிட்டது; மூன்று ஞாயிறு சபைக்கு முன்னால் வாசிக்க வேண்டிய கல்யாண அறிவிப்பு அது. மூன்றாவது ஓலைக்கு முன்னால், இந்த மாப்பிள்ளை வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள். அன்றோடு மனுஷன் மகளிடம் பேச்சை நிறுத்தினார். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் ஆண்டவரிடம் சொன்னார், மகள் காதில் விழும்படி.

"அன்புள்ள பரம பிதாவே, இந்த நாள் முழுதும் எங்களைக் கண்மணிபோலக் காத்தீரே, ஸ்தோத்திரம். பெற்றவன் முகத்தில் கரியைப் பூசிய ஒரு பிள்ளை இந்த வீட்டில் உண்டு, நீர் அறிவீர். அதன் கல்லான இருதயத்தை எடுத்துப்போடும். தண்ணீர் மோட்டாரை நேரத்துக்கு நிறுத்தும் புத்தியையும் அதற்குத் தாரும்."

"ஆமென்" என்பாள் தங்கபாய்.

என்ன அநியாயம் பாருங்கள்! மோட்டாரை நிறுத்தச் சொல்வதற்கு ஆண்டவரா வேண்டும்?

ஜெபத்துக்கு முதுகு வலித்தது. வலிக்காதா பின்னே? வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு எட்டு மாதமாக அதன் முதுகில் உட்கார்ந்திருந்தது ஞானசிகாமணியின் கோபம்.

அந்த வியாழக்கிழமை ஜெபத்துக்குப் பொறுமை போய்விட்டது. மறுநாள் ஹெப்சிபா குவைத்துக்கு வேலைக்குப் போகிறாள். இனி இந்த வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று முடிவு கட்டிப் பெட்டியும் அடுக்கிவிட்டாள்.

"கீழ இறங்கும்வே" என்றது ஜெபம்.

"இன்னைக்கு உமக்கு என்ன வந்தது?" என்றது கோபம். "ஏழு மணியாச்சு. கிளம்பும்."

"மாட்டேன். நீர் போக வேண்டிய இடம் நாலடி. உமக்குக் கால் இல்லையா?"

"கால் இருக்கு. ஆனா நான் நடந்து போனா, மனுஷன் முன்கோபின்னு சொல்லுவாங்க. உம்ம மேல ஏறிப் போனா, பக்திமான்ங்காங்க. எதுத்து ஒரு வார்த்தை பேச முடியாது பாரும். கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டே தீரணும். கடைசியில ஆமென் வேற சொல்லணும்."

"வெட்கமா இல்ல உமக்கு? அன்புள்ள பிதாவேன்னு ஆரம்பிச்சுப் பெத்த பிள்ளையை அடிக்கிறீரே! என்னை என்ன, பிரம்புன்னு நினைச்சீரா?"

ஜெபம் முதுகை ஓர் உதறு உதறியது. கோபம் பாயில் குப்புற விழுந்தது. வேட்டி ஒரு பக்கம், அது ஒரு பக்கம். ஜெபம் விறுவிறுவென்று போய் வாசற்படியில் கைகட்டி உட்கார்ந்துகொண்டது.

ஞானசிகாமணி வாயைத் திறந்தார். "அன்புள்ள..." என்றார். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. இருமிப் பார்த்தார். அப்போதும் வரவில்லை. கோபத்துக்கும் வேறு வழியில்லை. எழுந்து, தன் சொந்தக் காலில் அந்த நாலடியை நடந்தது.

"ஏட்டி!" அவர் கண்ணைத் திறந்து கத்தினார். "ஊருக்கு முன்னால என்னைத் தலைகுனிய வச்சிட்டியே! ஓலை வாசிச்ச கோயில்ல நான் எப்படி நிமிர்ந்து நிக்க?"

நேரே கேட்டதால் நேரே பதில் வந்தது.

"எட்டு மாசம் கழிச்சு இப்பதான் எங்கிட்ட பேசுதீங்க!" ஹெப்சிபா எழுந்து நின்றுவிட்டாள். "ஏன் வேண்டாம்னேன்னு ஒரு நாளாவது கேட்டீங்களாப்பா? கல்யாணப் புடவை எடுக்கப் போன கடைவாசல்ல அவன் என்னை அறைஞ்சான். அவன் எடுத்த கலரு எனக்குப் பிடிக்கலன்னு சொன்னதுக்கு! தெருவே பாத்துச்சு. வீட்டுக்கு வந்து, அவன் வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னேன். மிச்சத்தைச் சொல்லுததுக்குள்ள நீங்க முழங்கால் போட்டுட்டீங்க. யம்மா, நீங்களும் தினமும் ஆமென் சொன்னீங்களே!"

தங்கபாய் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கோபம் நட்டநடுப் பாயில் திகைத்து நின்றது. இத்தனை நாளும் யார்மேல் பாய்ந்தோம் என்று அதற்கு அப்போதுதான் தெரிந்தது. மெல்லத் திரும்பி, ஞானசிகாமணியையே முறைத்தது.

பழக்கதோஷம், அவர் இரண்டு கைகளையும் கூப்பிக் கண்ணை மூடப் போனார்.

"ஜெபம் பண்ணாதேயும்வே!" வாசற்படியிலிருந்து ஜெபமே கத்தியது. "அந்தப் பிள்ளைகிட்ட பேசும்!"

கூப்பிய கைகள் பிரிந்தன. அவர் முழங்காலாலேயே நகர்ந்து மகளிடம் போனார். அவள் ஓர் எட்டுப் பின்னால் போனாள். அவர் அங்கேயே முழங்காலில் நின்று அவள் முகத்தை அண்ணாந்து பார்த்தார்.

"எந்தக் கன்னத்துலம்மா?" என்றார்.

ஜெபம் துள்ளி எழுந்தது. அந்த ஒரு கேள்வியை வாரி எடுத்துக்கொண்டு பரலோகத்துக்கு ஓடியது.