ஏகாதசியன்று ஒரு கரண்டி உமி

ஏகாதசியன்று ஆசிரமத்துச் சமையல்கட்டில் அடுப்பு எரியாது. ஈ, காக்கைகூட எட்டிப் பார்க்காது. அதை நம்பித்தான் குலசேகரன் உச்சிவேளையில் அங்கே போய்க் கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டார்.

அது ஆனி மாத ஏகாதசி. பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது. விரதத்தை முழுதாக முடித்தவருக்கு மறுநாள் காலையில் ஆசிரமத் தலைவி ரங்கவல்லியம்மா தீட்சை கொடுப்பார். இடையில் முறித்தவர் அடுத்த ஆனிவரை காத்திருக்க வேண்டும். அம்மாவே வகுத்த விதி அது. இந்த வருஷம் தீட்சைக்கு நின்றவர் குலசேகரன் ஒருவர்தான். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வுபெற்றவர், அம்மாவைவிட வயதில் மூத்தவர். வீடு வாசலை விட்டு வந்ததே இதற்காகத்தான்.

வயிறு மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. வந்த நாளிலிருந்தே மலச்சிக்கல். மெடிக்கலில் வாங்கிய மாத்திரையில் முதலில் ஒன்று போட்டார். பிறகு இரண்டு, மூன்று. இப்போது அதற்கும் அசைவதில்லை. நேற்று இசப்கோல் உமி ஒரு பொட்டலம் வாங்கி மடியில் செருகிக்கொண்டு வந்திருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற மனுஷர்.

கரண்டி நிறைய உமியை அள்ளினார். மருந்து விரதத்தை முறிக்காது, தண்ணீர்தான் முறிக்கும் என்று அப்படியே வறட்டு உமியாக வாய்க்குக் கொண்டுபோனார்.

"நிறுத்துங்க!"

கதவருகில் ரங்கவல்லியம்மா நின்றிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"வாயில போட்டீங்களா?"

"இல்லம்மா."

"திறங்க, பாக்கலாம்."

அறுபது தாண்டியவர் குழந்தைபோல வாயைத் திறந்தார். அவமானம் பிடுங்கித் தின்றது. உமி இல்லை. நாக்கு மட்டும் கட்டையாக உலர்ந்து கிடந்தது.

"வயித்து வலி இருக்கா? வாந்தி? ரத்தம்?"

"ஒண்ணும் இல்லம்மா. போகமாட்டேங்குது, அவ்வளவுதான். தலை கொஞ்சம் சுத்துது."

"அந்த மூணுல ஒண்ணு இருந்தாலும் இந்தப் பொட்டலத்தைத் தொடவே விடமாட்டேன். நேரா ஆஸ்பத்திரிதான். இதுக்கு முன்னாடி என்ன சாப்பிட்டீங்க?"

"மாத்திரை. ஒரு மாசமா."

"கடைக்காரர் என்ன சொல்லிக் குடுத்தார்?"

"ஒரு வாரத்துக்கு மேல போடாதீங்க, டாக்டரைப் பாருங்கன்னார்."

"மோட்சம் எப்படி இருக்கும்னு சபை நடுவுல கேட்டீங்க. இதை ஏன் என்கிட்ட கேக்கல?"

குலசேகரன் தரையைப் பார்த்தார்.

"வெக்கமா இருந்துச்சும்மா."

அம்மா கரண்டியை வாங்கினார். உமியை ஒரு டம்ளரில் கொட்டி, மூலையிலிருந்த பானையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் மட்டும் விட்டுக் கலக்கினார். கூடத்தில் பஜனை நடந்துகொண்டிருந்தது. குலசேகரனுக்கு அந்தப் பாட்டு காதில் ஏறவில்லை.

சற்றுப் பொறுத்து, அவருடைய கையை நீட்டச் சொல்லி டம்ளரை அதன்மேல் கவிழ்த்தார். ஒன்றும் விழவில்லை. தட்டினார். அப்போதும் விழவில்லை. உமி ஊதிப்போய் டம்ளரைக் கவ்விக்கொண்டிருந்தது.

குலசேகரனின் கை தானாகத் தொண்டைக்குப் போயிற்று.

"இதை நாளைக்கு நிறைய தண்ணியோட சாப்பிடறேம்மா."

"நாளைக்கு டாக்டர் சொன்னா சாப்பிடுங்க. நானும் கூட வர்றேன். இப்ப தண்ணி குடிங்க. மாத்திரை ஒரு மாசமா உடம்பை வத்த வச்சிருக்கு. இந்த வெயில்ல தாங்காது."

"இன்னிக்குப் பொழுது போகட்டும்மா. நாளைக்குக் காலம்பற குடிச்சுக்கறேன்."

"அதுக்குள்ள விழுந்துட்டீங்கன்னா?"

"விழுந்தா விழறேன். தீட்சை போனா நான் எதுக்கும்மா வந்தேன்?"

சொல்லிவிட்டு உதட்டை இறுக மூடிக்கொண்டார். நிற்க முடியாமல் ஒரு கை சுவரைத் தேடியது. அம்மா அந்தக் கையைப் பார்த்தார். பதினைந்து வயதிலிருந்து ஒரு ஏகாதசியும் தவறாதவர் அவர். சொம்பு நிறையத் தண்ணீரை மொண்டார். அண்ணாந்து, மடக் மடக்கென்று கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

"அம்மா! உங்க விரதம்!"

குலசேகரன் கதவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"யாரும் பாக்கலம்மா. நான் உயிர் போனாலும் சொல்லமாட்டேன்."

"நான் சொல்லுவேன். சாயங்காலம், சபையில."

"அப்ப நாளைக்குத் தீட்சை யார் குடுப்பாங்க?"

"யாரும் குடுக்க முடியாது. முறிச்சவங்க அடுத்த ஆனிவரைக்கும் காத்திருக்கணும். எனக்கும் அதான்."

அம்மா சொம்பை மறுபடி நிரப்பி அவருடைய கையில் வைத்தார். தண்ணீர் விளிம்பில் தளும்பி விரல்களில் வழிந்தது.

"முழுசா ஒரு வருஷம்மா..."

"காத்திருப்போம். அதுக்கு ஆள் இருக்கணும்ல? குடிங்க."