குரல் இறங்கிய இடம்

வாய்க்கு வரி கிடையாது என்று வாழ்ந்தவர் வெற்றிவேந்தன், பண்பலை வானொலியின் காலைநேரச் சிரிப்பு மன்னர். துப்புரவுப் பெண்களை அவர் செய்யும் நக்கலை இலக்கணம் அவையல்கிளவி என்னும். அதாவது சபையில் சொல்லத் தகாத பேச்சு. நிலையம் அதை நேயர் விருப்பம் என்றது.

ஒலிப்பதிவாளன் தவசி ஒருநாள் அந்த வரிகளை வெட்டிவிட்டான்.

"எதுய்யா எல்லை? கோடு போட்டுக் காட்டு. முடியலைன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராதே!" என்று சீறினார் மன்னர்.

"காட்டிடலாம் சார். வெட்டினதை இன்னொரு தரம் பேசுங்க" என்ற தவசி, கதவைத் திறந்து, "குருவம்மாக்கா, இங்கேயும் கொஞ்சம் கூட்டிடுங்க" என்று கூப்பிட்டான்.

துடைப்பத்தோடு குருவம்மாள் வந்தாள். மன்னர் கம்பீரமாகத் தொடங்கினார். கூட்டுகிறவளின் நாற்றத்தைப் பற்றிய வரி வந்ததும் குரல் கம்மித் தேய்ந்து நின்றுவிட்டது. கணினித் திரையில் மலை மலையாக எழுந்திருந்த ஒலியலை அந்த இடத்தில் நூலாக இளைத்திருந்தது.

"நீங்களே கோடு போட்டுட்டீங்க சார்" என்று திரையைத் தொட்டுக் காட்டினான் தவசி.

மன்னர் தலை கவிழ்ந்தார். வேலை தப்பியது என்று தவசி மூச்சுவிட்டான்.

குருவம்மாள் நிமிர்ந்தாள். "ஏன் சார் நிறுத்திட்டீங்க? ரேடியோவில நல்லா சத்தமாத்தானே சொல்வீங்க? என் மக பள்ளிக்கூடம் கிளம்புற நேரத்துலதான் தினமும் வரும்."

ஆறு வருடமாக அந்தச் சத்தத்தைச் சீராக்கி அனுப்பி வைத்தவன் தவசி. அவளை நிமிர்ந்து பார்க்க அவனாலும் முடியவில்லை.