மிர்த்திஸ் சொல்லாத பதில்

அந்தக் காலத்தில், மீனும் நண்டும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய காலத்தில், கிரேக்கத் தீவு ஒன்றில் மிர்த்திஸ் என்பவள் வெண்கலப் பட்டறை வைத்திருந்தாள். அவள் புருஷன் தேரோன் கப்பலோட்டி. போனால் திரும்பும் நினைப்பே வராத ஆள். எதைப் பார்த்தாலும் இது என்ன, எதற்கு என்று குடைந்து கேட்பான். பதில் கிடைக்காவிட்டால் சாப்பாடு இறங்காது அவனுக்கு.

அந்தக் குணத்தையே மிர்த்திஸ் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கை அளவில் ஒரு வெண்கலச் சாமான் செய்தாள். பல் வைத்த இரண்டு சக்கரம், நடுவில் ஓட்டை, ஓரத்தில் ஒரு கொக்கி. திருகினால் சுற்றும், அவ்வளவுதான். ஒரு வேலைக்கும் ஆகாது. அவன் வீடு திரும்ப வேண்டும், அதற்காகவே செய்தாள்.

கப்பலேறும்போது அவன் கையில் வைத்தாள்.

"இது எதுக்கு?" என்றான் தேரோன்.

"திரும்பி வாங்க, சொல்றேன்."

"இப்பவே சொன்னா என்னவாம்?"

"சொல்லிட்டா நீங்க எங்க வரப்போறீங்க?"

சிரித்துக்கொண்டே போனான். வழியெல்லாம் அதைத் திருகிக்கொண்டே இருந்தான். எந்தத் துறைமுகத்திலும் மனம் ஒட்டவில்லை. பாதி வழியிலேயே கப்பலைத் திருப்பிவிட்டான். ஊர் கண்ணுக்குத் தெரிந்த நேரத்தில் புயல் பிடித்துக்கொண்டது.

மூழ்கியவனை ஒரு பேய்க்கணவாய் எட்டுக் கைகளாலும் தாங்கிப் பார்த்தது. முடியவில்லை. கரையில் காத்து நின்ற மிர்த்திஸிடம் அந்தச் சாமானோடு வந்தது.

"அம்மா, இது எதுக்குன்னு உங்ககிட்ட கேட்டுவரச் சொன்னார். கடைசியா அதைத்தான் சொன்னார்."

மிர்த்திஸ் அதைக் கையில் வாங்கினாள். பதில் நாக்கு நுனியில் நின்றது. சொல்லிவிட்டால், அவன் இனி வரமாட்டான் என்று அவளே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

"வந்தா சொல்றேன்னுதானே சொன்னேன். அவர் வரட்டும். இதை அவர்கிட்டயே கொடுத்திடு."

"அவர் கேட்டா நான் என்ன சொல்ல?"

"நான் இங்கதான் நிக்கிறேன்னு சொல்லு."

பேய்க்கணவாய் ஆழத்துக்குத் திரும்பி, அவன் விரல்களுக்குள் அதை வைத்தது. பதில் இல்லாமல் வந்த வெட்கத்தில் அதன் பிறகு யாரோடும் பேசவில்லை. ஆனால் மனசு கேட்குமா? மறுபடி எடுத்துத் திருகிப் பார்த்தது.

அன்று முதல்தான் கடலில் எது விழுந்தாலும் பேய்க்கணவாய் அதை எடுத்து எட்டுக் கைகளாலும் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறது. எத்தனையோ காலம் கழித்து மீனவர் வலையில் வந்த அந்த வெண்கலத்தை அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கும் பெரிய மனிதர்களும் இது எதற்கு என்றுதான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மிர்த்திஸ் இன்னும் சொல்லவில்லை.